ஏ4 தாளில் ஒரு மாநிலம்

மாவட்டங்கள் பிறக்கின்றன, கலைக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்த வரைபடங்கள் இன்று யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளக் கிடைக்கின்றன. ஆனால் அச்சிட்ட தாளை நம்பி இறங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை நிறைய.

ராஜஸ்தானில் வரைபடம் அச்சடிப்பவர்களுக்கு 2023 நல்ல வருடம். அந்த ஆகஸ்டில் மாநிலத்தின் 33 மாவட்டங்கள் ஒரேயடியாக 50 ஆயின. பள்ளிச் சுவர்கள், கலெக்டர் அலுவலகங்கள், போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்கள் எல்லாவற்றுக்கும் புதுப் படம் தேவைப்பட்டது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2024 டிசம்பர் 28-ம் தேதி புதிய அரசு 9 மாவட்டங்களைக் கலைத்தது. தூது, கேக்ரி, சாஞ்சோர், அனூப்கர், நீம் கா தானா, ஷாஹ்புரா, கங்காபூர் சிட்டி, ஜெய்ப்பூர் ரூரல், ஜோத்பூர் ரூரல் ஆகியவை ஒன்றரை வருடம்கூட முழுதாக வாழவில்லை. 50 என்பது 41 ஆனது. கூடவே பாலி, சீகர், பன்ஸ்வாடா என்ற 3 கோட்டங்களும் போயின. சுவரில் மாட்டிய புதுப் படங்களில் பசை காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அசாமில் நடந்தது இதைவிட வேகம். 2022 டிசம்பர் 31 அன்று பிஸ்வநாத், ஹோஜாய், தமுல்பூர், பஜாலி ஆகிய 4 மாவட்டங்கள் பழைய தாய் மாவட்டங்களோடு மீண்டும் சேர்க்கப்பட்டன. தொகுதி மறுவரையறைக்காக மறுநாள் முதல் எல்லைகளில் கைவைக்கக் கூடாது என்று தேர்தல் கமிஷன் தடை போட்டிருந்ததுதான் அந்த அவசரத்துக்குக் காரணம். மறுவரையறை முடிந்த கையோடு, 2023 ஆகஸ்டில், அந்த நான்கையும் மீண்டும் மாவட்டங்களாக்க அமைச்சரவை முடிவெடுத்தது. தெலங்கானா 2014-ல் 10 மாவட்டங்களோடு பிறந்தது. 2016 அக்டோபரில் 31, 2019-ல் 33. ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 2022 ஏப்ரலில் 26 ஆயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் 640 மாவட்டங்கள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 780-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஓடும் எல்லைகளைத் துரத்திப் பிடிக்க, நான்கு வண்ணத்தில் அச்சாகி, மேலும் கீழும் கட்டை அடித்து வரும் சுவர்ப்படத்தால் முடியாது. அந்த இடத்தைத்தான் பிடிஎஃப் கோப்பும் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையும் பிடித்துக்கொண்டன. வேண்டும்போது ஒரு மாநிலத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். பென்சிலால் கிறுக்கலாம். மாறினால் கிழித்துப் போட்டு வேறு எடுக்கலாம். செலவு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ.

பூட்டு திறந்த கதை

இந்த வசதி எளிதில் வந்துவிடவில்லை. இந்தியாவின் அதிகாரபூர்வமான வரைபடத்துக்குப் பொறுப்பு சர்வே ஆஃப் இந்தியா. தலைமையகம் டேராடூன். 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய துறை இது. நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் பணிக்கு 1802-ல் லாம்ப்டன் அடிக்கோடு போட்டது சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான். அங்கிருந்து இமயம் வரை அளந்தார்கள். ஆனால் அளந்ததைக் குடிமக்கள் கையில் கொடுக்கத்தான் சுதந்திர இந்தியாவுக்கு மனம் வரவில்லை.

கடற்கரையையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பெரும் பகுதிகளின் விரிவான தாள்கள் 'தடைசெய்யப்பட்டவை' என்ற முத்திரையோடு அலமாரியில் கிடந்தன. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் சொந்த ஊர் ஏரியின் படத்தை வாங்க, துறைத் தலைவர் கடிதம், உறுதிமொழிப் பத்திரம், அனுமதி என்று அலைய வேண்டும். அதே ஏரியை அமெரிக்கச் செயற்கைக்கோள் படத்தில் உலகமே பார்க்கிற காலம் வந்த பிறகும் இந்தச் சடங்கு தொடர்ந்தது.

2005-ல் தேசிய வரைபடக் கொள்கை வந்தது. ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு 'ஓப்பன் சீரிஸ்' என்று இன்னொரு வரிசை எனப் பிரித்தார்கள். 2016-ல் மறுபடி ஒரு குட்டிக்கரணம். வரைபடத் தகவல்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசு வெளியிட்ட ஒரு மசோதா வரைவில் 7 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே அது சட்டமாகாமலே மறைந்தது. அடுத்த வருடமே, 2017-ல், துறையின் 250-வது ஆண்டை ஒட்டி 'நக்ஷே' என்ற இணையதளம் திறக்கப்பட்டது. ஆதார் எண் கொடுத்துப் பதிவு செய்தால் ஓப்பன் சீரிஸ் தாள்கள் இலவசம். 100 கோடி அபராதத்துக்கும் இலவசத்துக்கும் இடையே ஒரே ஒரு வருடம்!

2021 பிப்ரவரி 15 அன்று கதவு அகலமாகவே திறந்தது. இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தகவல்களைத் திரட்டலாம், வெளியிடலாம் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 2022 டிசம்பரில் தேசிய புவிவெளிக் கொள்கையும் வந்துவிட்டது. இன்று சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் ஊர்ப் பெயரே இல்லாத வெற்று எல்லைப் படம் முதல் அரசியல் வரைபடம் வரை இறக்கிக்கொள்ளலாம். கொல்கத்தாவில் இருக்கும் நாட்மோ எனப்படும் தேசிய அட்லஸ் நிறுவனம் மாவட்டத் திட்டமிடலுக்கென்றே தனி வரிசை போட்டு வைத்திருக்கிறது. வெள்ளம், நிலப் பயன்பாடு போன்றவற்றுக்கு இஸ்ரோவின் 'புவன்' தளம் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரில் ஊர் காணாமல் போகும்

இறக்கிக்கொள்வது சுலபம். அச்சிடும்போதுதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

ராஜஸ்தான் கிழக்கு மேற்காகச் சுமார் 869 கி.மீ. அகலம். ஏ4 தாளில் ஓரம் விட்டால் 19 செ.மீ. மிஞ்சும். ஆக ஒரு செ.மீ. என்பது கிட்டத்தட்ட 46 கி.மீ. கூர் மழுங்கிய பென்சிலால் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கோடு இழுத்தால் அந்தக் கோடே நாலரை கி.மீ. அகலம். ஒரு பெரிய கிராமமும் அதன் வயலும் குளமும் கோட்டுக்கு அடியில் போய்விடும். அதே தாளில் கேரளாவை நெட்டாக வைத்தால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 21 கி.மீ. கோவாவுக்கு 4 கி.மீ.கூட இல்லை. தாள் ஒன்றுதான், மாநிலம்தான் வேறு. கோவா படத்தில் ஊருக்கு ஊர் வழி கண்டுபிடிக்கலாம். ராஜஸ்தான் படத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம்தான் பார்க்க முடியும். அதற்கு மேல் கேட்டால் படத்தின் மீது தப்பில்லை.

இன்னொரு பொறி, பிரிண்டரில் தானாகவே தேர்வாகியிருக்கும் 'தாளுக்கு ஏற்றபடி சுருக்கு' என்ற கட்டளை. ஓப்பன் சீரிஸ் தாள்கள் 1:50,000 அளவுத்திட்டம் கொண்டவை. அதாவது படத்தில் 4 செ.மீ. நிலத்தில் 2 கி.மீ. ஒரு தாள் அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 15 நிமிடம் அடங்கிய கட்டம். உண்மை அளவில் அச்சிட்டால் அந்தக் கட்டம் மட்டுமே 50 செ.மீ.க்கு மேல் உயரம் வரும். அதை ஏ4-ல் அச்சிட்டால் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஓரத்தில் மட்டும் '1:50,000' என்று கம்பீரமாக அச்சாகியிருக்கும். அது பொய். அதை நம்பி அளந்த கிணற்றுத் தூரம், மின்கம்பக் கணக்கு, பைப் நீளம் எல்லாமே பொய்.

தப்பிக்க ஒரே வழி, படத்தின் அடியில் ஏணிபோல் வரைந்திருக்கும் நீள அளவுகோல். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், விரிந்தால் விரியும். ஜெராக்ஸ் எடுத்தாலும் ஏமாற்றாது. எனவே படத்தை வெட்டும்போது அந்த ஏணியை வெட்டி எறியாதீர்கள். பெரிய கடைகளில் இருக்கும் ஏ1 அல்லது ஏ0 பிளாட்டரில் 'உண்மை அளவு' என்று சொல்லி அச்சிடச் சொல்லுங்கள். வந்ததும் பள்ளிப் பிள்ளையின் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 2 கி.மீ. ஏணி சரியாக 4 செ.மீ. இருந்தால் பணம் கொடுக்கலாம்.

பிளாட்டர் இல்லாத ஊரில் நான்கு ஏ4 தாள்களில் பிரித்து அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அடோபி ரீடரிலேயே 'போஸ்டர்' என்ற வசதி இருக்கிறது. நான்கு தாள் ராஜஸ்தானில் ஒரு செ.மீ. 23 கி.மீ. ஆகிவிடும். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிக்கு இந்த வாரம் எந்தப் பக்கம், அடுத்த வாரம் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள அது தாராளம். வளைந்து போகும் சாலைத் தூரத்தை நூல் வைத்து அளந்து, ஏணியில் நீட்டிப் பார்க்கும் பழைய வித்தையும் வேலை செய்யும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சிறிய படத்தில் சாலையின் சின்னச் சின்ன வளைவுகளை வரைபவர் நேராக்கியிருப்பார். மலைப்பாதையில் நூல் சொல்வதற்கு மேலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வது நல்லது.

மாநிலம் முழுவதையும் 1:50,000-ல் அச்சிட்டு ஒட்டலாமே என்று யாருக்காவது ஆசை வந்தால்: ராஜஸ்தானுக்கு 500 தாளாவது வேண்டும். கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கும்.

டவர் விழுந்த பிறகு

கையில் போன் இருக்கும்போது தாள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் ஒடிசாவில் இருக்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரை கடந்த சூப்பர் புயல் சுமார் 10,000 பேரைக் கொன்றது. தலைநகர் புவனேஸ்வரமே வெளி உலகத்தோடு தொடர்பற்றுப் போனது. எந்த வட்டாரம் மூழ்கியது, எந்தப் பாலம் நிற்கிறது என்று தெரிவதற்கே நாட்கள் ஆயின. இருபது வருடம் கழித்து, 2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரி அருகே வந்தபோது 12 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் விழுந்தது விழுந்ததுதான். பூரியிலும் புவனேஸ்வரத்திலும் மின்சாரம் முழுமையாகத் திரும்பப் பல நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் நிவாரண லாரி ஓட்டுனருக்கும், வெளி மாநிலத்திலிருந்து வந்து இறங்கிய மின்வாரிய ஊழியருக்கும் சார்ஜ் தேவைப்படாத ஒரே வழிகாட்டி பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட வரைபடம்தான்.

பீகாரில் வரைபடத்தின் பயன் வேறு விதம். கோசி ஆறு இருநூறு வருடங்களில் நூறு கி.மீ.க்கு மேல் மேற்கே நகர்ந்த ஆறு. 18-ம் நூற்றாண்டில் பூர்ணியா பக்கம் ஓடியது. 1950-களில் கரை எழுப்பி அதை ஓரிடத்தில் கட்டிப்போட முயன்றார்கள். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்தது. தண்ணீர் கிழக்கே, தான் கைவிட்ட பழைய தடங்களைத் தேடிப் போனது. சுபால், மதேபுரா, அராரியா என்று தலைமுறைகளாகக் கோசி வெள்ளத்தையே பார்க்காத ஊர்கள் மூழ்கின. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அங்கே வீடு கட்டியவர்களுக்கு அது மேட்டு நிலம். பழைய வரைபடங்களிலோ அது ஆறு.

ஆகவே புதுப் படம் வந்ததும் பழையதைக் கிழித்துப் போடுங்கள் என்ற அறிவுரை மாவட்ட எல்லைக்குத்தான் பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்தாது. சர்வே தாளில் நீலம் என்றால் தண்ணீர், பழுப்புக் கோடு என்றால் உயரம், பச்சை காடு, மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு சாலையும் குடியிருப்பும். வறண்ட ஓடையைக் கறுப்புக் கோட்டால் காட்டுவார்கள். மனை வாங்கப் போகிறவர் ஐந்து ரூபாய் செலவழித்து அந்த வட்டாரத் தாளை அச்சிட்டு, தன் மனைக்கு அடியில் கறுப்புக் கோடோ நீலத் திட்டோ ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டால் தரகர் சொல்லாத சில விஷயங்கள் தெரியவரும். எல்லைத் தகராறுக்கு மட்டும் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அதற்கு வருவாய்த் துறையின் புலப்படம்தான் செல்லும். தமிழ்நாட்டில் அதையும் இணையத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஓரத்துச் சிறு எழுத்து

வடகிழக்கு மாநிலங்களின் சர்வே படத்தை அச்சிடுகிறவர்கள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படிப்பதில்லை. அருணாசலம், அசாம், மேகாலயா எல்லைகள் 1971-ம் வருடத்திய வடகிழக்குப் பகுதிகள் மறுசீரமைப்புச் சட்டத்தை அர்த்தப்படுத்திக்கொண்டபடி காட்டப்பட்டவை, இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பது அதன் சாரம். அதாவது, கோடு போட்ட துறையே கோட்டுக்கு முழு உத்தரவாதம் தரவில்லை.

அந்த வட்டாரத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்பது சாதாரண வார்த்தை இல்லை. அசாமுக்கும் மிஸோரத்துக்கும் இடையே சுமார் 165 கி.மீ. எல்லை. மிஸோரம் 1875-ம் வருட அறிவிப்பின் கோட்டைக் காட்டுகிறது. அசாம் 1933-ம் வருடக் கோட்டைக் காட்டுகிறது. 2021 ஜூலை 26 அன்று இரு மாநிலப் போலீஸாரும் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே துப்பாக்கியோடு நின்றார்கள். அசாம் போலீஸார் குறைந்தது 5 பேர் இறந்தனர். ஒரே நாட்டின் இரண்டு போலீஸ் படைகள்! மேகாலயாவோடு பேச்சு ஓரளவு பலித்தது. தகராறான 12 இடங்களில் 6-க்கு 2022 மார்ச் 29 அன்று ஒப்பந்தம் ஆனது. அங்கிருந்த சுமார் 36.8 சதுர கி.மீ. நிலத்தை ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏ4 தாளில் அச்சிட்ட அசாம் படத்தில் அந்த நிலம் ஒரு கடுகு.

ஜெயிலுக்கும் வழி உண்டு

மாநிலப் படம் அச்சிட்டுத் தன் மேஜையில் வைத்துக்கொள்கிறவருக்குச் சட்டத் தொல்லை இல்லை. ஆனால் கையேடு, மலர், நாட்காட்டி, கல்லூரிக் கருத்தரங்கு அழைப்பிதழ் என்று எதிலாவது இந்திய வரைபடத்தைப் போட்டு வெளியிடுகிறவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 1961-ம் வருடக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தில் 1990-ல் சேர்த்த பிரிவின்படி, சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட படத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2015 ஏப்ரலில் அல் ஜஸீரா தொலைக்காட்சி இந்தியாவில் 5 நாள் இருண்டு போனது காஷ்மீரைத் தவறாகக் காட்டிய வரைபடங்களுக்காகத்தான்.

சிக்கல் எங்கே என்றால், இணையத்தில் தேடியவுடன் முதலில் வந்து விழும் அழகான வெளிநாட்டுப் படங்கள் பலவற்றில் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் கோடு மாறியிருக்கும், அல்லது புள்ளிக்கோடாக இருக்கும். தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் அருமையான சேவை. தெருப்பெயர் வரை கிடைக்கும், இலவசமாக அச்சிடலாம், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். ஆனால் அவர்கள் எல்லைகளைக் களத்தில் யார் கையில் இருக்கிறதோ அதன்படி வரைகிறார்கள். கேரளாவையோ கர்நாடகாவையோ அச்சிட அது தடையில்லை. முழு இந்தியாவை அட்டைப்படமாகப் போட அதை எடுத்தால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

2019-ம் வருடத்துக்கு முந்தைய படங்களிலும் கவனம் தேவை. அந்த அக்டோபர் 31 முதல் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் தனித்தனி யூனியன் பிரதேசங்கள். நவம்பர் 2 அன்று புது வரைபடம் வெளியானது. 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியும் தமன் தியூவும் ஒன்றாயின. இப்போது 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். 29 மாநிலம் காட்டும் படம் கையில் கிடைத்தால் அது 2014-க்கும் 2019-க்கும் நடுவில் அச்சானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அஞ்சு மார்க்

இத்தனை பெரிய விவகாரங்களுக்கு நடுவே, வரைபடம் அதிகம் அச்சாவது என்னவோ பிள்ளைகளுக்காகத்தான். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் வரைபடத்துக்கு 5 மதிப்பெண்: வரலாற்றுக்கு 2, புவியியலுக்கு 3. தமிழகப் பத்தாம் வகுப்பிலும் வரைபடக் கேள்விகள் உண்டு. மனப்பாடம் தேவைப்படாத, கையைப் பழக்கினால் கிடைக்கிற மார்க் இது. கடையில் கட்டாக விற்கும் அவுட்லைன் மேப் சில, பழைய அச்சுத் தகட்டிலிருந்து வந்தவை. தெலங்கானாவே இல்லாதவைகூட உண்டு. பிள்ளை அதில் பழகிவிட்டுத் தேர்வு அறையில் புதுக்கோட்டைப் பார்த்துத் தடுமாறும். சர்வே தளத்தின் வெற்றுப் படத்தை ஒரு தடவை அச்சிட்டு, இருபது ஜெராக்ஸ் எடுத்து, தினம் ஒன்று என்று கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் கடலுக்குள் விழுந்த அணைக்கட்டு பத்தாம் நாள் ஆற்றுக்கு வந்துவிடும்.

பார்வையற்ற மாணவர்களுக்கு வரைபடக் கேள்விக்குப் பதிலாக எழுத்துக் கேள்வி கொடுத்துவிடுகிறார்கள். கருணை என்றாலும், படமே அவர்களுக்கு வேண்டாம் என்று முடிவு கட்டுவதாகவும் இருக்கிறது. நாட்மோ 2017-ல் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் அட்லஸ் ஒன்றை வெளியிட்டது. அது எத்தனை பள்ளிகளின் மேஜைக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

பட்டதாரி வகுப்புக்கு வந்தால் வேறு விளையாட்டு. வெற்றுப் படத்தில் மாவட்டவாரியாக, மாநிலவாரியாக வண்ணம் தீட்டுவது. 2011 எழுத்தறிவுக் கணக்கை எடுத்து கேரளாவுக்கு (94%) அழுத்தமான நிறமும் பீகாருக்கு (61.8%) வெளிர் நிறமும் தீட்டினால் அட்டவணை சொல்லாததைப் படம் சொல்லும். அதே படம் ஏமாற்றவும் செய்யும். தேர்தல் முடிவுகளைத் தீட்டிப் பாருங்கள். 3.42 லட்சம் சதுர கி.மீ. பரப்புள்ள ராஜஸ்தானுக்கு 25 மக்களவைத் தொகுதிகள். அதில் கால்வாசியைச் சற்றே தாண்டும் மேற்கு வங்காளத்துக்கு 42. ராஜஸ்தானை ஜெயித்த கட்சியின் நிறம் தாள் முழுக்கப் பரவித் தெரியும். டி.வி. சேனல்கள் வாக்கு எண்ணிக்கை நாளில் இதைத்தான் விடிய விடியக் காட்டிக்கொண்டிருக்கின்றன. நிலத்துக்கு ஓட்டு இல்லை என்பது படத்துக்குத் தெரியாது.

சதுரமும் முக்கோணமும்

அச்சிட்ட வரைபடத்தைவிடக் கையால் வரைந்த படம் அதிகாரம் செலுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகத்தின் தெருக்களைக் காட்டும் ஒரு படம் உண்டு. 'நஜ்ரி நக்ஷா' என்பது அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர். கண்ணால் பார்த்து வரைந்த படம் என்று அர்த்தம். போலியோ சொட்டு மருந்து ஊழியர்களும் எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிப்பது என்று இப்படித்தான் வரைந்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் நாட்டின் கடைசி போலியோ நோயாளி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதில் பெரியண்ணன். 2011-ல் சுமார் 27 லட்சம் ஊழியர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தாளில் வரைந்தாக வேண்டும். கெட்டியான கட்டடம் என்றால் சதுரம், குடிசை என்றால் முக்கோணம். ஆள் குடியிருக்காத இடமானால் உள்ளே கோடு போட்டு நிரப்ப வேண்டும். வரைந்தவர் கண்ணில் படாமல் பாலத்தடியிலோ செங்கல் சூளை ஓரத்திலோ நின்றுவிட்ட ஒரு முக்கோணம், கணக்கிலும் வராது. ரேஷன் ஒதுக்கீடு முதல் தொகுதி எல்லை வரை எல்லாமே பிறகு அந்தக் கணக்கின் மீதுதான் நிற்கும்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1 நள்ளிரவுதான் கணக்கின் குறிப்பு நேரம். பனி மூடும் லடாக், ஜம்மு காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. இந்த முறை காகிதத்துக்குப் பதில் செல்போன் செயலி. எண்ணுவதற்கு எல்லைகள் அசையாமல் நிற்க வேண்டும். அதனால் மாற்றங்களை எல்லாம் 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. எண்ணி முடிக்கும் வரை புது மாவட்டம், புது தாலுகா எதுவும் கூடாது.

பல வருடங்களுக்குப் பிறகு, அச்சடித்த மாநில வரைபடம் ஒரு வருடமாவது செல்லுபடியாகும் நிலைமை இது. சுவர்ப்படம் வாங்க நினைத்திருந்தவர்கள் இந்த உறைபனிக் காலத்தில் வாங்கிவிடலாம். வாங்கிய தேதியைப் பின்பக்கம் பென்சிலால் குறித்து வையுங்கள். கணக்கெடுப்பு முடிந்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த புது மாவட்டக் கோரிக்கைகளோடு அரசியல்வாதிகள் மறுபடி பென்சிலைக் கையில் எடுப்பார்கள்.